மீன்தொட்டி கேள்வி–பதில்: டி.டி.எஸ். மீட்டர் சொல்லாத சேதி

தொட்டிச் செடிகள் பற்றி வந்த கேள்விகளில் இந்த முறை தண்ணீர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். உரம், விளக்கு பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உரம் போட்டும் செடி தேறவில்லை என்று எழுதியவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் உரத்தில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

அண்ணா, எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். மீட்டரில் 900 காட்டுகிறது. வாலிஸ்னேரியா புல் மாதிரி பரவுகிறது, ஆனால் ரோட்டாலா மேக்ராண்ட்ராவை மூன்று முறை வாங்கி வைத்தும் பத்தே நாளில் கரைந்துவிட்டது. வாலிஸ் இலையிலும் வெள்ளையாக, தொட்டால் சொரசொரவென்று ஏதோ படிகிறது. உப்பு அதிகம் என்பதுதான் காரணமா?
— வாசகர், தாம்பரம்

அந்த 900-ஐ வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்திருப்பது மொத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எண்ணைத் தருகிறது, அவ்வளவுதான். அந்த மொத்தத்தில் சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. செடிக்கோ அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

நீங்கள் அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஜி.எச்., அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை. இன்னொன்று கே.எச்., அதாவது கார்பனேட், பைகார்பனேட் அளவு. இரண்டுக்கும் சொட்டு மருந்து கிட் கிடைக்கும். கொளத்தூர் பக்கம் போனால் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கிட்டில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும், ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.85 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் மொத்தக் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். டிகிரியில் சொன்னால் அது சுமார் 11, சுமார் 34.

இப்போது அந்த வெள்ளைப் படிவுக்கு வருவோம். அது நோய் இல்லை, வாலிஸ் செய்த வேலை. செடிகளுக்குச் சுலபமான கரிமம் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு. அது தீர்ந்துபோனால் பல செடிகள் திணறி நின்றுவிடும், ஆனால் வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் எஜீரியாவும் பைகார்பனேட்டையே உடைத்து அதிலிருந்து கரிமம் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது இலையின் மேற்பரப்பில் காரத்தன்மை ஏறுகிறது, அங்கேயே கால்சியம் கார்பனேட் படிந்துவிடுகிறது. உங்கள் வீட்டு கீசரிலும் வாளியிலும் படிகிற அதே பொருள்தான். ஆக, உங்கள் தண்ணீரில் பைகார்பனேட் தாராளம், கரைந்த கார்பன் டை ஆக்சைடு குறைச்சல் என்பதை கிட் இல்லாமலேயே வாலிஸ் சொல்லிவிட்டது.

ரோட்டாலா மேக்ராண்ட்ரா தென்மேற்கு இந்தியாவைச் சேர்ந்த, நம்ம பக்கத்துச் செடிதான். ஆனால் அது கேட்பது கே.எச். குறைந்த, கார்பன் டை ஆக்சைடு கிடைக்கிற தண்ணீர். உங்கள் தொட்டியில் அதை வாட்டுவது கால்சியம் என்பதைவிட உயர்ந்த கே.எச்.தான் என்று நினைக்கிறேன். பலரும் "கடின நீர்" என்று ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஜி.எச். 12 இருந்தும் கே.எச். 3 இருந்தால் ரோட்டாலா பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டுமே 16 என்றால் கஷ்டம்.

வழி இரண்டு. ஆர்.ஓ. தண்ணீர் கலப்பது ஒன்று: உங்கள் கே.எச். 16 என்று வந்தால், 3 பங்கு போர் தண்ணீருக்கு 7 பங்கு ஆர்.ஓ. கலந்தால் 5-க்குப் பக்கத்தில் வரும், ஜி.எச்.சும் அதே விகிதத்தில் இறங்கும். இதை ஒரே நாளில் செய்யாமல், வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு வாரத்தில் கொண்டுவாருங்கள். இன்னொன்று, தண்ணீரை விட்டுவிட்டு செடியை மாற்றுவது. என்னைக் கேட்டால் முதல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். வாலிஸ், ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட், ஜாவா பெர்ன், அனுபியாஸ், இலங்கையின் கிரிப்டோகரைன் வென்டி, சுண்ணாம்புக்கல் ஓடைகளில் வளரும் கிரிப்டோகரைன் பலான்சே, இவையெல்லாம் போர் தண்ணீரில் அழகாக வரும். கிரிப்டோகரைன் வைத்த புதிதில் இலைகள் கூழாகிக் கரையும், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வேர் உயிரோடுதான் இருக்கும், புது இலை விடும்.

சார், ஓ.எம்.ஆரில் அபார்ட்மெண்ட். குழாய்த் தண்ணீர் டி.டி.எஸ். 700. "கடின நீர், கால்சியம் போதும்" என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் ஒரு மாதமாகப் புது இலைகள் எல்லாம் சின்னதாக, முறுக்கிக்கொண்டு வருகின்றன, நுனி கருகுகிறது. பழைய இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. உரமும் போடுகிறேன்.
— வாசகி, நாவலூர்

உங்கள் அசோசியேஷனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டுக்கு வரும் தண்ணீர் சாஃப்ட்னர் வழியாக வருகிறதா?" வருகிறது என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். சோப்பு நன்றாக நுரைக்கிறதா, குளித்தபின் தோல் வழவழவென்று இருக்கிறதா, டி.டி.எஸ். அவ்வளவு இருந்தும் குழாயில் வெள்ளைக் கறை படியவில்லையா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம்.

சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றிப் போடுகிறது. உள்ளே இருக்கும் ரெசின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. அதனால்தான் அவ்வப்போது மூட்டை மூட்டையாக உப்புப் போட்டு ரெசினைக் கழுவுகிறார்கள். இப்படி வெளிவரும் தண்ணீரில் டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியே இருக்கும், கே.எச். அப்படியே இருக்கும், ஜி.எச். மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போயிருக்கும். செடிக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது: வேண்டிய கால்சியம் இல்லை, வேண்டாத சோடியம் நிறைய, கூடவே உயர்ந்த கே.எச். நானும் ஒரு வாடகை வீட்டில் இதே மாதிரி எட்டு மாதம் உரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஜி.எச். கிட் வாங்கிய அன்று முதல் சொட்டிலேயே நிறம் மாறியது. அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

புது இலை மட்டும் ஏன் கெடுகிறது என்றால், கால்சியம் செடிக்குள் ஓர் இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு நகராது. பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுசுக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. நிலக்கடலை போட்டிருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், பூத்து விழுது இறங்கும் நேரத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். இலையில் இருக்கும் கால்சியம் காய்க்கு வராது, காய் தனக்கு வேண்டியதை மண்ணிலிருந்து தானே உறிஞ்ச வேண்டும், அதற்காகத்தான். உங்கள் தொட்டியிலும் அதே கதை. தண்ணீரில் தினமும் கால்சியம் இருந்தால்தான் தினமும் நல்ல இலை வரும்.

சரி, என்ன செய்யலாம்? சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அதிலிருந்து பிடித்து ஆர்.ஓ.வுடன் கலந்துகொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: தோட்டக் குழாய்தானே என்று அவசரப்பட்டுப் பிடிக்காதீர்கள், பல குடியிருப்புகளில் அதில் வருவது கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படிக் குழாய் இல்லையென்றால், சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து அதில் கால்சியம், மெக்னீசியம் சேர்க்க வேண்டும், அளவை அடுத்த பதிலில் தருகிறேன். சமையலறை இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், சுவைக்காகக் கொஞ்சம் ஆர்.ஓ. ஆகாத தண்ணீரையும் சேர்த்துவிடும். உங்கள் வீட்டில் அப்படிச் சேர்வதும் சோடியத் தண்ணீர்தான். சர்வீஸ் ஆள் வரும்போது அதைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், மீட்டரில் 50-க்குக் கீழே வந்தால் போதும். டி.டி.எஸ். மீட்டர் உண்மையிலேயே உதவுகிற இடம் இதுதான்.

முறுக்கிய இலைகள் இனி நேராகாது. அடுத்து வரும் இலைகளைப் பாருங்கள், இரண்டு மூன்று வாரத்தில் தெரியும்.

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர். மென்மையான தண்ணீரில் செடி பிரமாதமாக வரும் என்கிறார்கள். எனக்கோ அடி இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாகின்றன. நத்தை ஓடுகூட வெள்ளையாக அரித்த மாதிரி இருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். மழைக்காட்டிலிருந்து வருவதால் தாதுக்கள் குறைவு, அதனால்தான் அந்த ருசி. மென்மையான தண்ணீர் செடிக்கு நல்லது என்பதில் பாதி உண்மை இருக்கிறது, கே.எச். குறைவாக இருப்பது பல செடிகளுக்கு வசதி. ஆனால் கால்சியமும் மெக்னீசியமும் உணவு. அவை இல்லாத தண்ணீரில், தழைச்சத்து மணிச்சத்து எவ்வளவு ஊற்றினாலும் செடி அரைப் பட்டினிதான்.

அடி இலையில் நரம்பு பச்சை, நடு மஞ்சள் என்பது மெக்னீசியக் குறைபாட்டின் அடையாளம். பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம்தான், அது கால்சியம் மாதிரி இல்லாமல் நகரக்கூடியது, பற்றாக்குறை வந்தால் செடி கிழவனிடமிருந்து பிடுங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும். அதனால் அடி இலை முதலில் வெளுக்கும். இதே வெளுப்பு நுனி இலையில் வந்தால் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். பழைய இலையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம். நத்தை ஓடு அரிப்பது கால்சியமும் கே.எச்.சும் குறைந்ததால்.

100 லிட்டர் தண்ணீருக்கு அளவு சொல்கிறேன். மெக்னீசியம் வழியாக ஜி.எச். ஒரு டிகிரி ஏற்ற 4.4 கிராம் மெக்னீசியம் சல்பேட், உரக்கடையில் கிடைக்கும் அதே படிகம்தான். கால்சியம் வழியாக ஒரு டிகிரி ஏற்ற சுமார் 3 கிராம் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கே.எச். ஒரு டிகிரி ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா. ஆப்ப சோடாவில் சோடியம் உண்டு, அதனால் அதிகம் வேண்டியவர்கள் பொட்டாசியம் பைகார்பனேட் வாங்கிக்கொள்ளுங்கள், அது டிகிரிக்கு 3.6 கிராம். உங்களுக்கு நான் சொல்வது: கால்சியத்தில் மூன்று டிகிரி, மெக்னீசியத்தில் ஒரு டிகிரி, கே.எச்.சில் ஒன்று அல்லது இரண்டு. அதாவது 9 கிராம் ஜிப்சம், 4.4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 3 முதல் 6 கிராம் ஆப்ப சோடா. ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தும் நாவலூர் வாசகிக்கும் இதே கணக்குதான்.

வயலுக்குப் போடும் ஜிப்சத்தில் மண்ணும் கலந்திருக்கும், அது வேண்டாம். சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்யச் சுத்தமான கால்சியம் சல்பேட் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் போட்டுவிடாதீர்கள். ஜிப்சம் சட்டென்று கரையாது, ஒரு லிட்டரில் ஏறக்குறைய 2 கிராம்தான் கரையும், அதனால் 9 கிராமைப் பெரிய வாளியில் போட்டு அடிக்கடி கலக்கி ஓர் இரவு விட்டுவைத்து ஊற்றுங்கள். இந்த அளவு நீங்கள் புதிதாக ஊற்றப்போகும் தண்ணீருக்கு. 100 லிட்டர் தொட்டியில் 30 லிட்டர் மாற்றுகிறீர்கள் என்றால் 30 லிட்டருக்கான உப்பை மட்டும் அந்த 30 லிட்டரில் கலக்க வேண்டும். மொத்தத் தொட்டிக்கும் சேர்த்து ஒவ்வொரு வாரமும் போட்டால் இரண்டு மாதத்தில் உங்கள் சிறுவாணி போர் தண்ணீராகிவிடும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருக்கிறேன். பி.எச். 6.6-க்கு வர வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எவ்வளவு விட்டாலும் 7-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன.
— வாசகர், மதுரை

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வாயுவைக் குறையுங்கள், காற்றுக்கல் போடுங்கள். பிறகு மீதியைப் படிக்கலாம்.

பி.எச். என்பது தண்ணீரின் அமில–கார அளவு, வாயு கரையக் கரைய அது இறங்கும். ஆனால் அந்த 6.6 உங்கள் தண்ணீருக்குச் சொன்ன எண் இல்லை. தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்பது பி.எச்.சையும் கே.எச்.சையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். கே.எச். 4 இருக்கும் தொட்டியில் பி.எச். 6.6 என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், செடிக்குத் தாராளம், மீனுக்கும் தாங்கும். கே.எச். 14 இருக்கும் தொட்டியில் அதே 30 மில்லிகிராமுக்குப் பி.எச். 7.15 பக்கத்திலேயே நின்றுவிடும். அங்கே 6.6 வரை இறக்கினால் 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும், மீன் செத்துப்போகும். உங்கள் கே.எச். என்ன என்று எழுதவில்லை, ஆனால் 7-க்குக் கீழே இறங்க மறுக்கிறது, மீனும் மூச்சு வாங்குகிறது என்றால் கே.எச். அதிகம், வாயு ஏற்கெனவே அளவுக்கு மேல் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

பி.எச்.சைத் துரத்துவதை விட்டுவிட்டு, டிராப் செக்கர் என்ற சின்னக் கண்ணாடிக் குடுவையை வாங்கி, அதில் கே.எச். 4 கரைசலையும் நிறக்காட்டியையும் ஊற்றித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். பச்சை என்றால் சுமார் 30. நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் ஆபத்து. உள்ளே இருப்பது நீங்கள் ஊற்றிய கரைசல் என்பதால் உங்கள் தொட்டியின் கே.எச். குறுக்கே வராது. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதனால் வால்வை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் தொட வேண்டும்.

இரும்பு உரம் வாராவாரம் ஊற்றியும் நுனி இலைகள் வெளிறியே இருக்கின்றன. கே.எச். 13, பி.எச். 7.8.
— வாசகி, திருச்சி

பாட்டிலைத் திருப்பி, இரும்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். இரும்பு கரைந்தே இருக்க அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளையும் சேர்த்திருப்பார்கள். அது ஈ.டி.டி.ஏ. என்று போட்டிருந்தால் உங்கள் தண்ணீரில் அது சீக்கிரம் இரும்பைக் கைவிட்டுவிடும், இரும்பு துருவாகிக் கீழே போய்விடும். டி.டி.பி.ஏ. வடிவம் இன்னும் கொஞ்சம் உயர்ந்த பி.எச். வரை தாங்கும். அதை வாங்கி, வாரம் ஒரு பெரிய அளவு ஊற்றுவதற்குப் பதில் தினமும் துளித்துளியாக ஊற்றிப் பாருங்கள். வேரால் உண்ணும் கிரிப்டோகரைன் மாதிரிச் செடிகளுக்கு மண்ணுக்குள் உரமாத்திரை புதைப்பது இன்னும் நல்ல வழி, சரளைக்குக் கீழே நிலைமை வேறு.

ராமேஸ்வரத்தில் வாங்கிய கிளிஞ்சல், சோழி, கொஞ்சம் வெள்ளை மார்பிள் கல் தொட்டியில் போடலாமா?
— மாணவர், சிவகங்கை

செடித் தொட்டி என்றால் வேண்டாம். எல்லாமே சுண்ணாம்பு, மெதுவாகக் கரைந்து ஜி.எச்., கே.எச். இரண்டையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். எந்தக் கல்லாக இருந்தாலும் உலர்ந்த கல்லின் மேல் வினிகர் நாலு சொட்டு விடுங்கள், நுரைத்தால் வெளியே வையுங்கள்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றலாமா? வீணாக்க மனசு வரவில்லை.
— வாசகி, வேலூர்

மனசு நல்ல மனசு, ஆனால் தொட்டிக்கு வேண்டாம். ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, குழாய்த் தண்ணீரைவிடச் செறிவானது. வீடு துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் தினமும் ஓர் அங்குலம் தண்ணீர் வற்றுகிறது. போர் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறேன். மூன்று மாதமாகத் தண்ணீர் மாற்றவே இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தொடரலாமா?
— வாசகர், திருநெல்வேலி

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு அத்தனையும் தொட்டியிலேயே தங்குகிறது, நீங்கள் மேலே ஊற்றும் ஒவ்வொரு குடமும் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்றைக்கே குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனியாக ஜி.எச். பாருங்கள், தொட்டியில் இரண்டு மடங்கு காட்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வற்றியதை ஈடுகட்ட ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர் ஊற்றுங்கள், போர் தண்ணீரை வாராந்திர மாற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதை ஒரே மூச்சில் இறக்க வேண்டாம், வாரம் இருபது சதவீதம் மாற்றினால் போதும், மீனும் செடியும் மெல்லப் பழகிக்கொள்ளும்.

மழைத் தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது, மொட்டை மாடியில் பிடித்து ஊற்றலாமா?
— இதையே நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்

தாராளமாக. நமக்குக் கிடைப்பதிலேயே மென்மையான தண்ணீர் அதுதான், காசும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போது முதல் இரண்டு மழையை ஓடவிட்டுவிடுங்கள், மாடித் தூசியும் பறவை எச்சமும் அடித்துக்கொண்டு போகட்டும். பிறகு துணியில் வடிகட்டி மூடியுள்ள டிரம்மில் பிடித்து வையுங்கள், திறந்திருந்தால் கொசு முட்டை வைக்கும். மாடியில் சுண்ணாம்பு அடித்திருந்தால் தரையில் ஓடிய தண்ணீர் வேண்டாம், பாத்திரத்தில் நேராக விழுவதை மட்டும் பிடியுங்கள். மேலே சொன்ன ஜிப்சம், மெக்னீசியம் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும், போர் தண்ணீரில் கலப்பதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.